மஞ்சள் கண்ணுக்கு ஒரு சீட்டு

"ஊசிக்கு நீட்டுன கையும் ஜோசியனுக்கு நீட்டுன கையும்..." என்று கருங்குழியில் என் பெரியப்பா ஒன்று சொல்வார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. ஒன்றில் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், இன்னொன்றில் கண்ணை எடுக்கவே மாட்டோம் என்பதுபோல ஏதோ வரும். அவர் சொல்லும்போதே அது ஆளுக்கு ஆள் மாறும் என்பது என் சந்தேகம்.

ரத்தம் எடுக்கிற தொழிலுக்கு முன்பாதியே போதும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் என் முகத்தைப் பார்த்ததே கிடையாது. கையை என்னிடம் கொடுத்துவிட்டு காலண்டரில் இருக்கும் முருகனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அப்படித்தானே? வெட்கப்படாதீர்கள், நானும் அப்படித்தான்.

தொண்ணூறுகளில் நைஜீரியாவில் எனுகு என்ற ஊரில், ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்தபிறகு திரும்பி வந்து திருப்போரூரில் ஒரு சின்ன லேப் போட்டேன். எட்டு வரைக்கும் தமிழிலும், மீதியை இங்கிலீஷிலும் படித்தவன். அந்த இரண்டு மொழியிலும் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "கையை இறுக்கி மூடுங்க" என்பதுதான்.

எங்க வீட்டு ஆள்

எனுகுவில் காய்ச்சல் என்றால் மலேரியா. தலைவலி என்றால் மலேரியா. மாமியார் வந்த மறுநாள் உடம்பு வலித்தால் அதுவும் மலேரியாதான். போன புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. சிலைடில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டால் ஏதோ புதையல் எடுத்தவன் மாதிரி ஓடிப்போய்ச் சொல்வேன்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அடிக்கடி வருவார். ஒருநாள் நான் அதே உற்சாகத்தோடு, "ஐயா, உங்களுக்கு மலேரியா இருக்கு" என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. தொப்பியைத் தொடையில் தட்டித் தூசி போக்கிக்கொண்டே சொன்னார்: "அது இருக்கட்டும் மகனே, அது எங்க வீட்டு ஆள். புதுசா வேற யாராவது வந்திருக்காங்களா, அதைப் பாரு."

இரண்டு எழுத்துப் பொருத்தம்

நம் பக்கம் பெண் பார்க்கப் போனால் முதலில் நட்சத்திரம் கேட்கிறோம். அங்கே, கொஞ்சம் படித்த குடும்பம் என்றால், ரத்தத்தின் இரண்டு எழுத்தைக் கேட்பார்கள்; ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, ஒன்று அம்மாவிடமிருந்து. ஏஏ-வா, ஏஎஸ்-ஸா? பாதிரியாரே கேட்பார். சீட்டு இல்லாமல் போனால் கல்யாணத் தேதி கொடுக்காத சர்ச்சுகளும் உண்டு.

இதில் 'எஸ்' என்பதுதான் வில்லங்கம். அது ஒன்றே ஒன்று இருந்தால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது, இருப்பதே தெரியாது. ஆனால் ஏஎஸ்ஸும் ஏஎஸ்ஸும் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்துவிட நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளையின் சிவப்பணுக்கள் வட்டமாக இருக்கவேண்டியது போய் அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும். சின்ன ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் வலி. அந்த அணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால் கண் மஞ்சளாகவே இருக்கும்.

ஒரு பையனும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வாங்க வரும்போது தள்ளித் தள்ளி நின்றார்கள். அவன் ஏஎஸ், அவள் ஏஏ. பயமில்லை என்று நான் சொன்னதும் பையன் லேபுக்குள்ளேயே ஆட ஆரம்பித்துவிட்டான். சிலைடு டப்பாவைக் காப்பாற்றவே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. இதை முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை பயம் இல்லையே என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "பார்த்த அன்னிக்கே கேட்கணும்னுதான் இருந்தேன். அவன் சிரிச்சான், கேள்வி மறந்துபோச்சு."

மாடிக்கு வந்தவர்கள்

திருப்போரூரில் என் லேப் இருந்தது தெய்வானையக்காவின் வீட்டு முன்னறையில். பின்கட்டில் அக்காவும் வீட்டுக்காரர் ஏகாம்பரமும். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மாடி காலியாகவே கிடந்தது. ஒரு மே மாதம் அதற்கு ஒரு நைஜீரியக் குடும்பம் வந்தது. எமேகா, பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் மேல்படிப்புக்கு வந்தவன். மனைவி சியோமா. மகள் அமாக்கா, ஒன்பது வயது. பெயரின் புண்ணியத்தில் எங்கள் தெருவில் பூ விற்கும் கிழவர் முதல் எல்லோரும் அந்தக் குழந்தையை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. சியோமா கையில் பக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தாள். நான் லேப் வாசலில் நின்று அவர்கள் ஊர்ப் பேச்சில், "ஹவ் பாடி?" என்றேன். உடம்பு எப்படி இருக்கு என்று அர்த்தம். அதற்கு அங்கே குறும்பாக ஒரு பதில் உண்டு: உடம்பு துணிக்குள்ள இருக்கு. சியோமாவின் வாயில் அந்தப் பதில் தானாக வந்துவிட்டது. வந்தபிறகுதான் யார் கேட்டது என்று திரும்பிப் பார்த்தாள். வேட்டி கட்டின ஓர் ஆள். பக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த தெய்வானையக்கா என்னை முறைத்தார்: "இன்னா சார், வூட்டுக்கு வந்து காலு வெக்கல, அதுக்குள்ள அந்தம்மாவ அழ வெச்சிகினு கீற?"

ஆளுக்குப் பாதி

எமேகாவுக்குத் தலைவலி. பரீட்சையால் என்றான். நான் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தால் ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டான், தலைவலி போயிற்று, மாத்திரையை நிறுத்திவிட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான் நிறுத்தினாராம். இது நைஜீரியப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கிற உங்கள் மேஜை டிராயரிலும் பாதி தீர்ந்த ஓர் அட்டை கிடக்கும்.

விசாரித்ததில், மாடியில் சியோமா சமையலில் போடும் அவர்கள் ஊர் மசாலாக் கட்டியில் பாதிக்குமேல் உப்பு; அதற்குமேல் தினமும் மதியம் பின்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஊரிலும் உலர்ந்த மீன் என்றால் உயிர். எமேகாவும் ஏகாம்பரமும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல், சட்டி காலியாகிறவரை சாப்பிடுவார்கள். ஏகாம்பரத்துக்கும் பி.பி. உண்டு. நான் போய் அக்காவிடம் கருவாட்டை நிறுத்தச் சொன்னேன். அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "இவுருக்கும் பி.பி. கீது, அதுக்கும் பி.பி. கீது. ரெண்டு பேரும் ஒரே சட்டில துன்னா ஆளுக்குப் பாதிதான சார் வரும்?"

கடைசியில் போட்டிதான் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் என் முன்னால் கையை நீட்டவேண்டும். யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிற்று. கருவாடு மாதத்துக்கு ஒருநாள் என்று ஆயிற்று. ஒரு ஞாயிறு எமேகாவுக்கு நூற்றிருபதுக்கு எண்பது வந்தது. ஏகாம்பரம் தன் நம்பரைப் பார்த்தார், அவன் நம்பரைப் பார்த்தார்: "மச்சான் பாஸாயிட்டான். அவன் காலேஜுல குடுக்க வேண்டிய அரியர எனக்குக் குடுத்துகினு கீறியே சார், நியாயமா?"

கீழாநெல்லி

அமாக்காவின் கண்ணில் மஞ்சள் இருப்பதை அவர்கள் வந்த வாரமே நான் பார்த்தேன். என்னவென்று ஊகித்தும் கேட்கவில்லை. அவர்கள் ஊரில் பல குடும்பங்கள் அதை வெளியே சொல்லாது. நாம் பெண்ணுக்கு வலிப்பு என்பதைச் சொல்லாமல் வைப்பதுபோல. அம்மாவே சொல்லட்டும் என்று இருந்தேன். ஆடி மாதம். எமேகாவும் சியோமாவும் ஏதோ பதிவு வேலையாகச் சென்னைக்குப் போனார்கள். பிள்ளை பின்கட்டில். நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்று, "வாட்டர், வாட்டர்" என்று சைகையோடு சொல்லிவிட்டுத்தான் சியோமா போனாள். அன்றைக்குத்தான் தெய்வானையக்கா பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்திருக்கிறார்.

நம் ஊரில் கண் மஞ்சள் என்றால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. அக்கா கொல்லையில் பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்துவிட்டார். உப்பில்லாத சோறு. பிறகு தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, கிணற்றடியில் உட்காரவைத்துப் பச்சைத்தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார். ஆடிக்காற்று வேறு. பாசத்தில் குறையே கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆகாதது குளிர்தான். சற்று நேரத்தில் லேபின் பின்வாசலில் ஒரு முனகல். அமாக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்திருந்தாள். அழவில்லை. வலியோடு பழகின பிள்ளைகள்தான் அப்படி அழாமல் இருப்பார்கள். "எஸ்எஸ்ஸா?" என்றேன். "ஆமா அங்கிள். க்ரைசிஸ்" என்றாள். அணுக்கள் சிக்கித் திடீரென்று வரும் வலிக்கு அதுதான் பெயர்.

துவட்டி, இரண்டு போர்வை சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கவைத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லேடி டாக்டர் உடனே வலிக்கு மருந்தும் டிரிப்பும் ஆரம்பித்தார். சியோமா வந்து சேர்ந்ததும், "இவளுக்கு என்ன கொடுத்தால் கேட்கும், எது ஒத்துக்காது, நீங்க சொல்லுங்க" என்று உட்கார்ந்து குறித்துக்கொண்டார். நல்ல டாக்டர். வாசல் பெஞ்சில் தெய்வானையக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எம் புள்ளன்னு நெனச்சிதான் ஊத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சியோமா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்டோ, என்டோ" என்று முதுகைத் தடவினாள். வலிக்கிறவரிடம் அவர்கள் சொல்லும் ஆறுதல் வார்த்தை அது. பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்க ஊர்ல பக்கத்து வீட்டம்மா பப்பாளி இலைச் சாறு குடுத்தாங்க, ப்ரதர். பக்கத்து வீடு இல்லாத ஊரே கிடையாது."

கண் வெளுக்கட்டும்

பிள்ளை தேறிவிட்டது. ஆனால் ஆட்டோவில் போனதைத் தெரு பார்த்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் ஊரில் காமாலை பரவிப் பல பிள்ளைகள் படுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் போய் நின்றார்கள். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், பயந்திருந்தார். எமேகாவைக் கூப்பிட்டு, "கண்ணு நல்லா வெளுத்தப்புறம் அனுப்புங்க, சீட்டைக் கிழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கண் வெளுக்காது. எமேகாவுக்குத் தெரியும். வலியால் ஊரில் ஏற்கெனவே ஒரு வகுப்பு தவறவிட்ட பிள்ளை அவள். இங்கேயும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் எதற்கு? அவன் சென்னைக்குப் போய், டிசம்பரில் அம்மாவும் மகளும் ஊர் திரும்ப இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு வந்தான். படிப்பு முடியும்வரை அவன் மட்டும் இங்கே. பிறந்ததிலிருந்து அமாக்காவுக்கு வலி வந்தால் முதுகைப் பிடித்துவிடுகிற கை அவன் கைதான். யூனிஃபார்மை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அமாக்கா கேட்டாள்: "எப்ப வெளுக்கும்னு மிஸ் கிட்ட கேட்டியாம்மா? எனக்கே தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

இன்னொரு சீட்டு

தலைமை ஆசிரியை ஒருநாள் மாலை லேபுக்கே வந்தார். வகுப்பில் கணக்கில் முதல் பிள்ளை அது, அவருக்கும் மனது கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், பிலிருபின் நார்மல்னு ஒரு சீட்டு குடுங்க, போதும். நான் ஃபைல்ல வெச்சுக்கறேன். பேரன்ட்ஸ் வாயை அடைச்சுடலாம். நாளைக்கே அனுப்புங்க" என்றார். பிலிருபின் என்பது அந்த மஞ்சளின் அளவு. எல்லாருக்கும் நல்லதுதான், ஒரு எண்ணைக் கொஞ்சம் இறக்கி எழுதினால் முடிந்தது.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். சியோமா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையைக் கீழே வைத்தாள். அவள் ஏஎஸ். கல்யாணத்துக்கு முன்னால் எமேகாவும் டெஸ்ட் செய்திருந்தான். அவர்கள் ஊர் லேபில் எவனோ ஒருவன் சரியாகப் பார்க்காமல் ஏஏ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பாதிரியார் தேதி கொடுத்தார், ஊரே ஆடியது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் கையும் காலும் வீங்கியபோதுதான் அவனும் ஏஎஸ் என்ற விஷயம் தெரிந்தது. இதை அவள் கோபமில்லாமல், யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்: "அமாக்கா பிறந்ததுக்கு நான் ஒருநாளும் வருத்தப்படல, ப்ரதர். ஆனா ஒரு பொய்ச் சீட்டு ஏற்கெனவே எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு. இன்னொண்ணுக்கு இடமில்ல."

அறுப்புக்கூட்டம்

பொய்ச் சீட்டு இல்லையென்றால் நிஜத்தைக் காட்டவேண்டும். லேடி டாக்டர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்: இந்தப் பிள்ளையின் கண் மஞ்சளாகத்தான் இருக்கும், இது காமாலைக் கிருமி இல்லை, பிறவியிலேயே ரத்தத்தில் இருப்பது, யாருக்கும் ஒட்டாது. அதோடு நான் தலைமை ஆசிரியையை ஒரு சனிக்கிழமை லேபுக்கு வரச்சொன்னேன். வந்தார். கூப்பிடாமலே தெய்வானையக்காவும் வந்து மைக்ராஸ்கோப் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டார்.

அமாக்கா விரலை நீட்டினாள். என் அனுபவத்தில் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காத ஒரே ஆள் அவள்தான். குத்துகிறபோது, "இன்னும் கொஞ்சம் ஓரமா, அங்கிள்" என்று திருத்தமும் சொல்வாள். முதலில் என் ரத்தத்தின் சிலைடை வைத்தேன். வட்ட வட்டமாக, அப்பளம் பரப்பினதுபோல. பிறகு அவளுடையது. ரத்தத்திலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துவிடும் ஒரு மருந்தைச் சொட்டாக விட்டு மூடி, காத்திருந்து பார்க்கவேண்டும். காத்திருந்தோம். தலைமை ஆசிரியை குனிந்து பார்த்தார். வட்டங்கள் ஒவ்வொன்றாக நீண்டு, வளைந்து, முனை கூராகிக்கொண்டிருந்தன. அவர் நிமிரவே இல்லை. பொறுக்கமுடியாமல் தெய்வானையக்கா அவரை மெல்ல இடித்து நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தார். சின்ன வயதில் மதுராந்தகம் பக்கம் வயல் வயலாக அறுப்புக்குப் போனவர். "யம்மாடி" என்றார். "இத்தினி அருவாளு உள்ள ஓடிகினு கீதா? நான் ஒரு அருவாள இடுப்புல சொருவிகினு பஸ்ல ஏறினாலே குத்துதுன்னு கத்துவாளுங்க. இந்தக் கொயந்த இத்தினியையும் வெச்சிகினு வாயே தொறக்கல சார்!"

தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். "ஒட்டாதுன்னு நிச்சயமா?" என்று கேட்டார், என்னைப் பார்த்து. நான் வாயைத் திறக்குமுன் அமாக்கா தமிழில் பதில் சொன்னாள், தெய்வானையக்காவிடம் கற்ற தமிழில்: "மிஸ், ஒட்டிக்கும்னா மொதல்ல ஆன்ட்டிக்குத்தான் ஒட்டிகினு இருக்கும். டெய்லி எனக்கு முத்தா குடுத்துகினே கீறாங்க."

என்ன மறந்தேன்

திங்கட்கிழமை அமாக்கா பள்ளிக்கூடம் போனாள். தலைமை ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தார். புகார் சொன்னவர்களில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளின் கண்ணை அங்கேயே விரித்துப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வகுப்பில் அவளுக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கலாம், கேட்காமல் பாத்ரூம் போகலாம். மின்விசிறிக்கு நேர்கீழே உட்காரவேண்டாம். விளையாட்டு வகுப்பில் மூச்சு வாங்கினால் நடுவர் வேலை. ஊதல் அவள் கைக்குப் போனபிறகு விளையாட்டு மைதானத்தில் நீதி கடுமையாகிவிட்டது என்று கேள்வி.

எமேகா மட்டும் டிக்கெட்டுகளைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டையைச் சுற்றும்போது, "கதவைத் திறந்துட்டாங்க, நன்றி. முதல் காய்ச்சல் வரட்டும். அப்பவும் திறந்திருக்கான்னு பார்க்கணும்" என்றான். அவன் சொல்வது சரிதான். இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்பது நமக்கு வருகிற காய்ச்சல் இல்லை. சாயங்காலம் பார்க்கலாம், ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. உடனே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். நைஜீரியாவில் அவனுக்கு அம்மா, அக்கா, தெருவே இருந்தது. இங்கே யார்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, ரோடெல்லாம் தண்ணீர். எமேகா காலேஜில், சியோமா மாமல்லபுரத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டாள். மதியத்துக்குமேல் பள்ளியிலிருந்து லேபுக்கு ஃபோன் வந்தது. ஆபீஸ் கிளார்க் பேசினார்: அமாக்காவுக்குக் காய்ச்சல், ஹெட்மிஸ்ட்ரஸ் மேடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார், வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் குடையோடு ஓடினேன். அங்கே எனக்கு வேலையே இல்லை. டாக்டர் பார்த்தாயிற்று. ஊசி போட்டாயிற்று. ரத்தம் எடுத்தாயிற்று, அதையும் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அமாக்கா ஒரு பெரிய கம்பளிச் சால்வைக்குள் இருந்தாள். மார்கழிக்கு வைத்திருக்கும் தலைமை ஆசிரியையின் சொந்தச் சால்வை. அவர் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் பிள்ளையின் கால்.

சியோமாவும் எமேகாவும் ஆளுக்கொரு திசையிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தார்கள். சியோமா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் ஓடிவந்து செய்யவேண்டியது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. எமேகா மூச்சு வாங்கிக்கொண்டு கட்டில் காலைப் பிடித்தான். இரண்டு பேரையும் பார்த்ததும் தலைமை ஆசிரியை எழுந்தார். பாடம் சொல்கிற மாணவிபோல ஒவ்வொன்றாக ஒப்பித்தார்: "உடம்பு சுட்ட உடனே கிளம்பிட்டேன், பெல் அடிக்கறவரைக்கும் நிக்கல. ஈரச் சட்டையை மாத்தியாச்சு. போர்வை போத்தியாச்சு. தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கேன். ஆட்டோலயே டாக்டருக்கு எஸ்எஸ்-னு ஃபோன்ல சொல்லிட்டேன். சொல்லுங்க, நான் எதையாவது மறந்துட்டேனா?"

இத்தனை பேர் சேர்ந்து இத்தனை பாடுபட்டும், அமாக்காவின் கண் மட்டும் வெளுக்கவே இல்லை.

அடுத்த வாரம் மழை விட்டதும் எமேகா சென்னைக்குப் போய் இரண்டு டிக்கெட்டுகளையும் ரத்து செய்துவிட்டு வந்தான்.